நெய் மிதந்த மீன்தொட்டி

உப்புத்தண்ணீர் மீன்தொட்டியில் பாசி ஏன் வருகிறது என்று என்னிடம் கேட்டால், தொட்டியைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். பழுப்புப் பொடியாகப் படிந்திருந்தால் தொட்டி புதுசு, பொறுத்திருந்தால் போய்விடும். சிவப்புச் சளி மாதிரி மூடியிருந்தால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. கல்லெல்லாம் பச்சை முடி வளர்ந்திருந்தால், யாரோ தேவைக்கு மேல் சாப்பாடு போடுகிறார்கள். இல்லவே இல்லை என்று வீட்டுக்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள். நான் வாதாட மாட்டேன். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன். அப்போது அவர்கள் முகம் மாறும்.

நான் ஃபாரம் திரி வரைக்கும்தான் படித்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பதினெட்டு வீடு, இரண்டு பல் கிளினிக், ஒரு சாப்பாட்டுக் கடை, இத்தனை தொட்டிகளையும் இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பாசி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. ஆனால் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் தொட்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதன் பின்பக்கக் கல்லில் எப்போதும் கொஞ்சம் பச்சை முடி இருக்கும். ஊர்த் தொட்டியெல்லாம் கழுவுகிறவள் வீட்டிலேயே இப்படியா என்கிறார்கள். அது அப்பாவின் தொட்டி. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அவர் செருப்பை வாசலிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாசியையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை.

தொட்டி வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா லோரி ஓட்டினார். செமினியில் வீடு மாறிய ஒரு சீனத் தவுக்கே முதலாளி, சாமானெல்லாம் ஏற்றி இறக்கி முடிந்ததும், இதை வைக்கப் புது வீட்டில் இடமில்லை, நீயே கொண்டுபோ என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார். நாலு அடித் தொட்டி, ஓட்டை ஓட்டையான கற்கள், இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு சங்கு நண்டு, ஒரு கல்லின்மேல் பொத்தான் பொத்தானாக விரிந்திருந்த பவளம். எங்கள் ப்ளாட்டில் லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து ஓடவில்லை. அப்பாவும் மாமாவும் இன்னும் நாலு பேரும் ஐந்து மாடி தூக்கினார்கள். மாமா என்பது அம்மாவின் தம்பி, காஜாங்கில் இருந்தார். ஒவ்வொரு மாடியிலும் தொட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கி, மீன் வேணும்னா பாசார்ல கிலோவா வாங்கலாமே மச்சான் என்று அப்பாவைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

வேலை முடிந்து வந்தால் அப்பா குளித்துவிட்டுக் கைலியோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நாள் முழுக்க ஹாரன் கேட்ட காதுக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் மருந்து என்பார். அவர் அதிகம் பேசாதவர். அவர் சொன்ன வார்த்தையை மாற்றி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றால் சனிக்கிழமை கூட்டிப்போவார். அடிப்பேன் என்றால் அடிப்பார்.

அதே சமயத்தில்தான் காக்காய்ப் பிரச்சினையும் வந்தது. அம்மா மதியம் சோறு வடித்ததும், நாங்கள் சாப்பிடும் முன், ஒரு பிடி எடுத்து சமையலறை ஜன்னல் விளிம்பில் காக்காய்க்கு வைப்பார். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். ஆனால் எங்கள் அம்மா அதில் ஒரு சொட்டு நெய் விட்டு, விரலால் மசித்து, கூழ் மாதிரி ஆக்கி வைப்பார். காக்காய்க்குப் பல் இல்லையா அம்மா என்று ஒருநாள் கேட்டேன். காக்காய்க்கு ஏதுடி பல்லு என்றார். அது சரியான பதிலாகத்தான் இருந்தது. காக்காய்கள் கீழ் வீட்டுக்காரர்கள் உலர்த்திய துணிமேல் அசிங்கம் பண்ண, புகார் போய், பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். செக்யூரிட்டி அங்கிள் ஐந்து மாடி ஏறி வந்து, அக்கா, என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்கலா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மா ஜன்னலை மூடிவிட்டார்.

மூடிய கொஞ்ச நாளில் தொட்டியில் பாசி வந்தது. முதலில் கல்லின்மேல் பச்சைப் பொட்டு. பிறகு புல். பிறகு முடி. அப்பா பழைய பல் தேய்க்கும் பிரஷை எடுத்து, மீ நூடுல்ஸ் சுருட்டுகிற மாதிரி சுருட்டிச் சுருட்டிப் பிடுங்கினார். அடுத்த வாரம் இரண்டு மடங்காக வந்தது. குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று வடிகட்டி வாங்கி மாட்டினார். உப்பை மாற்றினார். பாசி தின்னும் நத்தை பத்து வாங்கி விட்டார், அவை கண்ணாடியைச் சுத்தம் பண்ணிவிட்டுக் கல் பக்கமே போகவில்லை. மூன்று நாள் வெளிச்சமே படக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தொட்டியைக் கறுப்புக் குப்பைப் பையால் மூடி, போதாத இடத்துக்குத் தன் கைலியைப் போர்த்தினார். நான்காம் நாள் திறந்தபோது பவளம் சுருங்கியிருந்தது, பாசி செழிப்பாக இருந்தது.

மேலே தண்ணீரில் ஒரு படலம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேப்பர் ஒன்றைத் தண்ணீர்மேல் விரித்துப் படலத்தை ஒற்றி எடுத்தார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு சமையலறைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா என்று கேட்டேன். லோரி கிரீஸ் கையில் ஒட்டியிருந்திருக்கும் என்றார். அன்றிலிருந்து அப்பா கை கழுவுவதில் ரொம்பக் கவனமாகிவிட்டார். விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, நெடுநேரம் கழுவுவார்.

மாமா காஜாங்கில் புது வீடு வாங்கியிருந்தார். தொட்டியின்மேல் அவருக்கு ஒரு கண். மச்சானுக்குத் தொட்டி வைக்கத் தெரியல என்று வரும்போதெல்லாம் சொல்லி, கடைசியில் அப்பாவுக்கு ரோஷம் வந்தது. தீபாவளிக்குள்ள பாசி போகலைன்னா நீயே வந்து தூக்கிக்கோ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னதும் அம்மாவின் கையிலிருந்த தட்டு சத்தமாகக் கீழே விழுந்தது. அம்மாவுக்கு மீன்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்தேன்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா தொட்டி மூடியைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் மசித்த சோறு. அதைத் தண்ணீருக்குள் கையோடு இறக்கி, விரலை மெதுவாக விரித்தார். வெள்ளையாகக் கலங்கியது. மீன் இரண்டும் வந்து கவ்விப் பார்த்துத் துப்பின. சங்கு நண்டு மட்டும் ஓடி வந்தது. அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனார். ஜன்னல மூட வெச்சிட்டாங்கல்ல, வேற எங்க வைக்கிறது என்றார். அப்பாகிட்ட சொல்லிடாதடி என்றார். அம்மா என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

பாசி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மிச்சத் தீனி தண்ணீரில் அழுகினால் அது பாசிக்கு உரம் என்று அப்பாவே பத்து தடவை சொல்லியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் தொட்டி மாமா வீட்டுக்குப் போய்விடும். சொன்னால் அம்மாவுக்குத் திட்டு விழும். மீனா அம்மாவா என்று யோசித்தேன். இரண்டு வாரம் அம்மா பக்கம் இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை அப்பாவோடு லோரியில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போனேன். வழியில் ஜாம். அம்மாவை ஏசக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சோறு, நெய், மசித்தது, தினமும் போடுவது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் நின்ற காரின் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்லப்பா.”

“சோத்துல பாசி வராது பாப்பா. எல்லாம் லைட்டுதான்லா காரணம்.”

“நீங்கதானேப்பா சொன்னீங்க, சாப்பாடு மிச்சம் கிடந்தா பாசி வரும்னு?”

“அது மீன் சாப்பாடு. இது வேற.”

ரேடியோவைச் சத்தமாக வைத்தார். எனக்கு அழுகை வந்தது. கண்டுபிடித்துக் கையில் கொடுத்த பிறகும் இந்த மனிதருக்கு மண்டையில் ஏறவில்லையே என்று இருந்தது. அன்று எனக்கு ஊதா கவுன் எடுத்தார். பிடித்திருந்தும் பிடிக்கவில்லை என்றேன்.

திரும்பும் வழியில் மீன் கடை ஒன்றில் நிறுத்தி, ஒரு பையில் பச்சை நைலான் நூல்பந்து மாதிரி ஏதோ வாங்கி வந்தார். அதுவும் ஒரு கடல் பாசிதானாம். பாசி உள்ள வீட்டுக்கு இன்னொரு பாசியா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்பா தொட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்து, தண்ணீரை அதற்குள் ஓட விட்டு, அந்தப் பந்தைப் போட்டு, மேலே தனியாக விளக்கு மாட்டினார். கெட்ட பாசிக்குப் போகிற உரத்தை இந்த நல்ல பாசி முதலில் தின்றுவிடும். அது பெருத்ததும் பாதியைப் பிய்த்துக் குப்பையில் போட்டால், உரமும் அதோடு வெளியே போய்விடும். இன்றைக்கு நான் எல்லா வீட்டிலும் செய்கிற வேலை இதுதான். ஆனால் மற்ற வீடுகளில் முதலில் அதிகமாகத் தீனி போடுவதை நிறுத்தச் சொல்வேன். அப்பா அதை மட்டும் செய்யவில்லை. ஞாயிறு தவறாமல் இரண்டு வாளி தண்ணீர் மாற்றினார், பந்தைப் பிய்த்தார், படலத்தைப் பேப்பரால் ஒற்றினார்.

தீபாவளிக்குள் முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசி போகவில்லை. அப்பா சொன்னதை மறக்காமல் மாமா வேனோடு வந்துவிட்டார். ஆட்டிறைச்சி வாசனை வீடெல்லாம். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், ஒரு கை மட்டும் முந்தானைக்குள் மூடியிருந்தது. மாமா தொட்டியை விட்டு நகரவே இல்லை. அப்போது அப்பா எழுந்தார்.

“மச்சான், உன் வேன்ல ஒரு டயர் காத்து கம்மியா இருந்த மாதிரி தெரிஞ்சிச்சு. வா, பார்த்துட்டு வருவோம்.”

லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. இரண்டு பேரும் ஐந்து மாடி இறங்கி, ஐந்து மாடி ஏறி வந்தார்கள். நாலு டயரும் கல்லு மாதிரி இருக்கு, பட்டாசு மாதிரி என் நெஞ்சுதான் வெடிக்குது என்று மாமா சோபாவில் விழுந்தார். அதற்குள் அம்மாவின் கை காலியாகியிருந்தது. மூச்சு வந்ததும் மாமா தொட்டியைக் காட்டினார்.

“பின்னால பச்சையா இருக்கே மச்சான். பேச்சு பேச்சுதானே?”

“இருக்கட்டும். அது என் வீட்டுப் பாசி, இருந்துட்டுப் போகட்டும். தொட்டி எங்கயும் போகாது.”

அப்பா தன் வார்த்தையை மாற்றி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மாமா ஆறு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. தொட்டி தப்பியதில் எனக்குச் சந்தோஷம், ஆனால் அப்பாவை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மனைவி சோறு போடுவதும் தெரியாது, சொன்னாலும் நம்ப மாட்டார், கொடுத்த வாக்கும் இல்லை. லோரி ஓட்டுகிறவர், அவ்வளவுதான் என்று பத்து வயதில் முடிவு கட்டினேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மதியம், அம்மா சோறு மசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றுதான் அம்மா சொன்னார். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான். ஆறு மாதம். பத்துமலைக் கோயிலில் முதல் சோறு ஊட்ட நாள் குறித்திருந்தார்கள். அதற்கு ஐந்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்து போய்விட்டான். அவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் தெவசம் எதுவும் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்களாம். சோறே தின்னாம போயிட்டான்டி, அதான் என்றார் அம்மா. பிறகு, உங்கப்பாவுக்கு நான் சோறு வைக்கிறது தெரியவே தெரியாது, தெரிஞ்சிருந்தா மனசு விட்டிருப்பாரு என்றார்.

லோரியில் அன்று அப்பாவிடம் நான் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது அம்மா தொட்டியில் இரண்டு பிடி வைக்கிறார். ஒன்று மசித்தது, ஒன்று மசிக்காதது. நான் ஞாயிறு தவறாமல் பாசிப் பந்தைப் பிய்த்து, படலத்தை ஒற்றி எடுக்கிறேன். மதியம் சோறு வடிகிற வாசனை வந்ததும் எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். குழாயைத் திறந்துவிட்டு, அம்மாவின் கை காலியாகும் வரை, அப்பா மாதிரியே மெதுவாகக் கழுவுகிறேன். என் கையில் ஒன்றுமே இருக்காது.

பத்து வயதில் சாப்பாட்டுத் தட்டின் முன் பசியோடு காத்திருப்பேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். விடுமுறை நாளில் லோரியைத் தொடாத அப்பாவின் கையில் அவ்வளவு அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.