கேட் திறப்பதற்குள் ஓர் உவமை

பெருங்களத்தூர் மேம்பாலத்தில் பண்டிகை நெரிசலில் நிற்கும்போது, கீழே போன கூட்ஸ் வண்டியின் பிரேக் சூடேறிய இரும்பு வாசனை கார் ஜன்னலுக்குள் வந்தது. அவ்வளவுதான், பாலம் வருவதற்கு முன் அங்கிருந்த ரயில்வே கேட்டில், ஏழாம் வகுப்புச் சீருடையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

மணியடித்து கேட் இறங்கியதும் ஜெஸியும் உமாவும் நானும் தினமும் ஒரு ஆட்டம் ஆடுவோம்: கடைசிப் பெட்டி போவதற்குள் ரயிலுக்கு ஆளுக்கொரு உவமை சொல்லிவிட வேண்டும், தமிழ் நோட்ஸில் இருக்கிற நிலா, தாமரை, பாம்பு எதுவும் செல்லாது, தோற்றவள் மூன்று பேர் பையையும் வீடு வரை சுமக்க வேண்டும். நோட்ஸை வரி பிசகாமல் ஒப்பித்து உவமைக் கேள்விக்கு முழு மார்க் வாங்கும் நான்தான் அந்த வருஷம் அநேகமாகத் தினமும் சுமந்தேன்.

ஒரு நாள் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. உமா சொல்லி முடித்துவிட்டாள். "என்னடி, இப்பவே பையைத் தூக்கிக்கிறியா?" என்று ஜெஸி சிரித்தாள். வெயில், பசி, ஆத்திரம்; கத்திவிட்டேன்.

"எங்கம்மா திட்டுற மாதிரியே இருக்குடி! முடிஞ்சிடுச்சுன்னு மூச்சு விட்டா அடுத்த பெட்டி வருது!"

கேட்கீப்பர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்ததில், வண்டி போன பிறகும் கேட்டைத் தூக்க மறந்துபோனார். சிரித்துக்கொண்டே தன் உவமையைக் கோட்டைவிட்ட ஜெஸியின் தோளில் மூன்று பைகளும் ஏறின. நான் வெறுங்கையை வீசிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தேன். இரண்டு பக்கமும் காத்திருந்த வண்டிகள் அத்தனையும் எனக்காகத்தான் ஹாரன் அடித்தன.