ஒரே உயரத்தில் ஆறு மிருகங்கள்

என் மனைவியோடு ஜோடி சேர வேண்டும் என்று நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வெறி பிடித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், மிருகங்களை மோதவிடும் ஃபோன் விளையாட்டுக்கு இரட்டையர் போட்டி வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. ஆளுக்கு மூன்று மிருகங்கள், ஜோடிக்கு ஆறு. அவள் போகிறாள். ஜோடி அவளுடைய தம்பி. பிச்சாட்டூரில் வீடு, ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலை வேலை, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே விளையாட்டு. அக்காளும் தம்பியும் பல வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள். நானோ நேற்று வந்தவன்.

நேற்று வந்ததற்குக் காரணம் என் வலது தோள். எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் சாமி தூக்குகிறவன் நான். மழை பெய்த ஒரு புறப்பாட்டில் கால் சறுக்கி, பல்லக்கு சாயாமல் பிடித்தேன். தோளுக்குள் ஏதோ கிழிந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், பிறகு சும்மா இருக்கச் சொன்னார். மாத்திரையை விழுங்க முடிந்தது. சும்மா இருப்பதை விழுங்க முடியவில்லை. காற்று அடைபட்ட அறைபோல உடம்பு முட்டியது. அறைக்கு அறை நடந்தேன், மாடிக்கு ஏறினேன், இறங்கினேன், கட்டமஞ்சி ஏரிவரை போய், போனதற்குக் காரணம் தெரியாமல் திரும்பினேன்.

"தரை தேஞ்சிடும்," என்றாள் மனைவி. கங்காதர நெல்லூரில் கணக்கு டீச்சர் அவள். எதையும் சுருக்கமாகச் சொல்லுவாள். என் ஃபோனை வாங்கி விளையாட்டை ஏற்றிக் கையில் கொடுத்தாள். "உக்காந்துக்கினு இத ஆடுங்க."

ஆடினேன். புல்லில் பதுங்கியிருக்கும் மிருகங்களைப் பிடித்தேன், வளர்த்தேன், சண்டைக்கு விட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். நீர் நெருப்பை அணைக்கும், பாறையைக் கரைக்கும், நெருப்பு செடியை எரிக்கும், செடி நீரைக் குடிக்கும், மண்ணிடம் மின்னல் பலிக்காது. அடிபடுகிற மிருகத்தைப் பின்னுக்கு இழுத்து வேறொன்றை முன்னே நிறுத்தலாம். அப்படி நிறுத்துவதற்கு ஒரு முறை அடி வாங்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இந்த விதிக்குள் எத்தனை வழி, எத்தனை பொறி என்று எனக்குத் தூக்கம் கெட்டது.

போட்டிச் செய்தி வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "நான் வர்றேன் உன்கூட," என்றேன்.

அவள் சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள். "விளையாட்டுக்குச் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான்."

"அப்ப தம்பிய ஜெயிங்க. ஆறுக்கு ஆறு. ஜெயிச்சா நீங்க, இல்லன்னா அவன். போட்டிக்கு முன்னாடி எப்ப வேணா கேளுங்க."

அந்த வாரமே கேட்டேன். அதுதான் அவசரம். பிச்சாட்டூரில் மச்சான் வீட்டு முன்னறையில், மின்விசிறிக்குக் கீழே, மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பக்கத்து மிருகங்களும் திரையில் வரிசையாக நிற்கும். மச்சான் என் வரிசையைப் பார்த்தான். ஃபோனைக் கண்ணருகே கொண்டுபோனான்.

"இன்னா மாமா இது, எல்லாம் ஒரே சைஸுல கீது? ரேஷன் கட லைனா?"

ஃபோனை அக்காளிடம் நீட்டினான்.

"அக்கா, நீ பாரு. யூனிபாரம் தச்சுக் குடுக்க அளவெடுத்தாப்ல கீது."

மனைவி எட்டிப் பார்த்தாள். "எத வெச்சு எடுத்தீங்க ஆற?"

"உயரம் பாத்து," என்றேன்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு மிருகத்துக்கும் உயரம், எடை எல்லாம் போட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லையாம். நான் அதை மட்டும்தான் படித்திருந்தேன்.

மச்சானுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. தமிழில் மாமா என்கிறவன், கேலி என்று வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவான். "அய்யய்யோ பாவா! சாமி தூக்க ஆள் எடுத்துக்கினு வந்துட்டியா!"

சிரித்துச் சிரித்து அவன் தரையில் சாய்ந்தான். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின.

எங்கள் கோயிலில் திருவிழாவுக்கு முன்னால் தூக்குகிறவர்களைச் சுவரோரம் வெறுங்காலோடு நிற்கவைத்து, தோளுக்கு மேலே நூல் பிடிப்பார்கள். நூல் யார் தோளில் படாமல் தொங்குகிறதோ அவன் தோளில் உயரம் கூட்ட ஒரு மடித்த துண்டு. ஒரு தோள் தாழ்ந்தால் போதும், பல்லக்கின் பாரம் முழுவதும் அங்கே வழிந்து வந்து அவனை நசுக்கும். சமநிலை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த நூல்தான் தெரியும். சமமான அணி வேண்டும் என்று விளையாட்டு தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சமமாக எடுத்தேன்.

மச்சானுடைய நீர்ப்பாம்பு ஒன்றே ஒன்று வந்தது. என் ஆறில் நாலு பாறையும் நெருப்புமாக இருந்தன, தோளும் தொடையுமாகப் பார்க்க அழகாக. பாம்பு ஒரு முறை சீறினால் ஒன்று விழுந்தது. அதை அவன் மாற்றவே இல்லை. அவன் பாதியில் எழுந்து, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து முடித்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மனைவியிடம், "இன்னொரு தடவ," என்றேன்.

"இன்னும் ஒண்ணுதான். அதோட சரி."

அந்த ஒன்றை நான் செலவு செய்யவில்லை. ஜாக்கிரதையாக வைத்திருந்தேன்.

கோயிலில் திருவிழா வந்தது. என் இடத்தில் வேறொருவன் நின்றான். அவனுக்குத் துண்டே தேவைப்படவில்லை. நான் பல்லக்குக்குப் பின்னால் நடந்தேன். இத்தனை வருஷம் தூக்கியவன், தூக்குவதைப் பார்த்ததே இல்லை. தோளில் மரம் அழுந்தினால் முன்னால் போகிறவனின் பிடரி மட்டும்தான் தெரியும்.

தெரு முனையில் பல்லக்கு திரும்பியது. உள்பக்கத்து முன் ஆள் முளைபோல நின்றான். கால் பெயரவே இல்லை, குதிகால் மட்டும் சுழன்றது. வெளிப்பக்கத்தவர்கள் ஏறக்குறைய ஓடினார்கள். சாக்கடை ஓரம் தெரு சரிகிற இடத்தில், பின்னால் இருந்த ஒருவன் முழங்காலை மடித்து, கழுத்து நரம்பு புடைக்க, தன் பங்குக்கு மேல் தாங்கினான். இன்னொருவன் கவைக்கட்டையை நீட்டித் தயாராக இருந்தான், யாராவது தளர்ந்தால் அண்டைகொடுக்க. "உள்ள நில்லு! வெளிய வா, வா, வா!" நூல் பிடித்து எடுத்த ஆட்கள்தான். திரும்பும்போது ஒருவன் செய்கிற வேலையை இன்னொருவன் செய்யவில்லை. ஒருவன் தளரப்போகிற இடம் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்திருந்தது.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். தேங்காய்த் தட்டோடு வந்தவர் என்மேல் இடித்தார். நான் ஃபோனை எடுத்தேன்.

"சாமி போய்க்கினு கீது, இவரு போனப் பாக்கறாரு பாரு," என்றாள் பின்னால் வந்த ஒரு அம்மாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

அந்தக் கூட்டத்தில், கற்பூரப் புகையில், ஆறில் ஐந்தை நீக்கினேன். மின்னல் கீரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பாயும், பட்டென்று அடிக்கும், இரண்டு அடி வாங்கினால் செத்துப்போகும். என்னைப் போலப் பொறுமை இல்லாதது. அதைச் சுற்றி மற்றவற்றைத் தேடினேன். கீரிக்கு மண் ஆகாது. மண்ணைத் துளைக்க ஒரு சதுப்புநிலக் கொடி. கொடிக்கு நெருப்பு ஆகாது. நெருப்பை வாங்கிக்கொள்ள ஒரு ஆமை, மெதுவானது, மற்றவர்களின் காயத்தையும் ஆற்றும். எல்லோரும் மெதுவாகிவிடாமல் முதலில் வந்து காற்றைத் திருப்பிவிட்டுப் போகிற ஒரு குருவி. குளிரைத் தாங்க ஒரு இரும்பு வண்டு. கடைசியில் ஒரு முள்ளம்பன்றி: அது அடிக்கவே அடிக்காது, அடிக்கிறவனுக்கு முள் ஏறும். வண்டு என் கட்டைவிரல் அளவு. ஆமையோ பல்லக்கு அளவு. நூல் பிடித்திருந்தால் நூல் அறுந்திருக்கும்.

விடுப்பு முடிந்திருந்தது. வேலைக்குத் தினமும் திருப்பதிக்குப் பஸ்ஸில் போய் வருகிறவன் நான், பத்திரிகை அச்சடிக்கிற இடத்தில் பிழை திருத்த. அந்தப் பாதை முழுவதும் முகம் தெரியாதவர்களிடம் தோற்றேன். பூதலப்பட்டில் தோற்றேன். சந்திரகிரிக் கோட்டை தெரியும்போது தோற்றேன். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குடும்பங்கள் ஏறி இறங்கின. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் என் திரையைக் கவனித்துக்கொண்டே வந்து, "ஓடிப்போயாரா சார்?" என்று தெலுங்கில் கேட்டார். தோற்றுவிட்டீர்களா என்கிறார். "இன்கா லேது," இன்னும் இல்லை என்றேன். அடுத்த நிமிஷம் தோற்றேன். ஆனால் எதனால் என்று இப்போது தெரிந்தது. வண்டை முதலில் விட்டது தப்பு. ஆமையை நேரத்தில் மாற்றாதது தப்பு. தப்பை மாற்றினேன், மறுநாள் வேறு தப்பு செய்தேன். அப்படியே வெயில் ஏறியது, மாங்காய் லாரிகள் கூழ் தொழிற்சாலைக்கு வரிசை கட்டின, என் தோளும் கொஞ்சம் மேலே தூக்க வந்தது.

"உன் தம்பிய வரச் சொல்லு," என்றேன் ஒருநாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். மனைவி நடுவில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என் வரிசையைப் பார்த்ததும், "ஓ, பாவா ஆள மாத்திட்டாரு," என்றான், சிரிக்காமல்.

நீர்ப்பாம்பையே முதலில் விட்டான். நான் கீரியை விட்டேன். மின்னலுக்குப் பயந்து பாம்பை இழுத்து மண்பன்றியை நிறுத்துவான் என்று எனக்குத் தெரியும். அவன் மாற்றும்போது நானும் மாற்றினேன், பன்றியின் முன்னால் கொடி நின்றது. அவன் தலையைச் சொறிந்தான். அதற்கு மேல் அவன் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று விழுந்தது. கீரியைக் கடைசிவரை காப்பாற்ற ஆசைப்பட்டேன், முடியவில்லை, போனது. முடிவில் அவனிடம் நெருப்புக் கழுகு, என்னிடம் முள்ளம்பன்றி, இரண்டும் சாகிற நிலையில். கழுகு விரைவானது. அவனுக்குத்தான் முதல் அடி.

"மன்னிச்சுக்கோ மாமா," என்று அடித்தான்.

முள்ளம்பன்றி மயிரிழையில் பிழைத்தது. கழுகுக்கு முள் ஏறியது. விழுந்தது.

"அடிச்சவனே வுயுறானா? இன்னா அநியாயம்!" என்று கத்தினான். "அக்கா, இன்னொண்ணு!"

"ஒண்ணுன்னுதான் பேச்சு," என்றாள் அவள், மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவருதான் வர்றாரு."

ஜெயித்துவிட்டேன் என்று நான் மாடிப்படி ஏறி இறங்கினேன். திரும்பி வந்தால் என் ஃபோன் அவள் கையில். மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தாள். ஆமை, குருவி, முள்ளம்பன்றி.

"கீரி?"

"வேணாம். அடிக்க என்னோட மூணு இருக்குது. அதுங்க நிக்கறவரைக்கும் காப்பாத்த ஆள் வேணும். தம்பி அத செய்ய மாட்டான். அவனுக்கு அடிக்கணும்."

எனக்கும் அடிக்கத்தான் ஆசை. கீரியை எத்தனை பஸ் பயணத்தில் வளர்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் கணக்கு ஒன்றைப் போட்டு முடித்தவளின் அமைதி இருந்தது. அவளோடு போக வேண்டும் என்றுதானே கேட்டேன். "சரி," என்றேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நடந்தேன்.

மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் முந்தின பந்தியின் ரசவாசனை இருந்தது. நீள மேஜைகளில் இலைகளுக்குப் பதில் ஃபோன்கள். எங்களுக்கு எதிரே நெல்லூரிலிருந்து வந்த இரண்டு வாலிபர்கள். "அங்கிள் கூட ஆடுதாரா?" அங்கிளும் ஆடுவாரா என்று தெலுங்கில் கேட்டான் ஒருவன், மரியாதையாக. அந்த மரியாதை என்னைக் குத்தியது.

குருவி முதலில் வந்து காற்றைத் திருப்பியது, மனைவியின் புலி வேகம் பெற்றது, குருவி செத்தது. முள்ளம்பன்றி புலிக்கு முன்னால் குறுக்கே நின்றது, ஒன்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு விழுந்தது. "நில்லுங்க, நில்லுங்க," என்றாள் அவள் உதட்டுக்குள். ஆமை நின்றது. புலியின் காயத்தை ஆற்றியது, அடி வாங்கியது, மறுபடி ஆற்றியது. அவளுடைய கரடியும் மானும் போய்விட்டன. பிறகு ஆமையும் போனது. என் திரை சாம்பல் நிறமானது.

கைகள் காலியாக நான் உட்கார்ந்திருந்தேன். நடக்க முடியாது, எழுந்திருக்க முடியாது. அவளிடம் புலி ஒன்று. அவர்களிடம் ஒரு பனிமலைக் காளை. காளை முட்டியது. புலியின் உயிர்க்கோடு ஓடிச் சுருங்கி, ஒரு நூலளவில் நின்றது. அந்த நூலளவு உயிர் ஆமை கடைசியாக ஆற்றிக் கொடுத்தது. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், என் பக்கம் திரும்பாமலே ஒரு முறை தலையசைத்தாள். பிறகு அடித்தாள். காளை சாய்ந்தது.

நெல்லூர்க்காரர்கள் எழுந்து கை கொடுத்தார்கள். அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொடுத்தாள். ஒலிபெருக்கியில் அடுத்த சுற்றுக்கு அழைத்தார்கள்.

"என்னோடது மூணும் செத்துப்போச்சே," என்றேன்.

"அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து வந்துடும். நீங்க எழுந்திருங்க. இந்தத் தடவ குருவிய இவ்ளோ சீக்கிரம் வுடாதீங்க."

"வுட மாட்டேன்," என்று எழுந்தேன். அவள் அதற்குள் மூன்றாவது மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.