பதினொரு மணிக் கூட்டம்

1. ஒரே ஆள், ஐந்து பெயர்

ஹெச்.எம். மூன்றாவது பெயரை வாசித்தபோதும் அதே பெண்தான் எழுந்து நின்றார். நான்காவது பெயருக்கும் அவரே. ஐந்தாவது பெயரான பேச்சியம்மாளுக்கு அவர் பாதி எழுந்திருக்கும்போதே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"இதென்னா, ஒரே பிரசவமா?" என்று பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த ஒரு அப்பா கேட்டார்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்லக்கனி. ஆரியசாலையில் உள்ள ஒரு மிளகாய் வத்தல் மண்டியிலிருந்து மூட்டை வாங்கிவந்து வீட்டிலேயே காம்பு கிள்ளிக் கொடுக்கிறவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கூட்டம் தொடங்கியதிலிருந்து தும்மிக்கொண்டிருந்தார்கள். அவர் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை.

"பெத்தது ஒண்ணுதான் டீச்சரே. பாக்கி நாலு பேருக்கும் சேத்து நான்தான் வந்திருக்கேன். அஞ்சு கையெழுத்தும் நானே போட்டுரட்டா?"

இது எங்கள் பள்ளியில் நடந்த சப்போர்ட் கிளாஸ் பெற்றோர் கூட்டம். மலையாளம் பேசும் ஊரின் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் லோயர் பிரைமரி பள்ளி அது. நான் அங்கே தமிழ் டிவிஷன் டீச்சர். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் காலை மணி அடிப்பதற்கு முன்னால் தனியாக வகுப்பு எடுப்பேன். பத்து பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க முடியாது. வெளியே வெயிட்டிங் லிஸ்ட் உண்டு. பெற்றோரும் பங்கேற்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மாதம் ஒரு கூட்டத்துக்கு வர வேண்டும், வீட்டில் பிள்ளையை தினமும் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நல்ல விதிதான். அதோடு ஹெச்.எம். தானாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: கூட்டத்துக்குப் பெற்றோர் வராத பிள்ளையின் ஸீட் வெயிட்டிங் லிஸ்டில் உள்ள அடுத்த பிள்ளைக்கு.

நடந்ததை அன்றன்றே குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகையால் இங்கே வரும் பேச்சு ஏறக்குறைய பேசியபடியேதான் இருக்கும். கோபம் ஆறிய பிறகு இதை முழுதாக எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை.

ஹெச்.எம். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். மலையாளமும் தமிழும் கலந்துதான் அவர் பெற்றோரிடம் பேசுவார்.

"இது ஆள்மாறாட்டம். கேட்டோ? வேறொருத்தி குட்டிக்கு அம்மான்னு சொல்லி ஒப்பு போடறது குற்றம். உங்க ஆள்களுக்கு இதெல்லாம் களியா, விளையாட்டா?"

"களியில்ல டீச்சரே. அவுங்க வேலைக்குப் போயிருக்காங்க. நான் கேட்டுட்டுப் போய்ச் சொல்லுவேன்."

"குட்டி மேல அக்கறை இருந்தா ஒரு மணிக்கூர் வர முடியாதா?"

செல்லக்கனி என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் ஹெச்.எம். தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அந்த நான்கு பிள்ளைகளின் பெற்றோர் திங்கட்கிழமைக்குள் பள்ளி நேரத்தில் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். வராவிட்டால் ஸீட் போகும். செல்லக்கனி தன் மகனுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

மூன்று பேர் எப்படியோ அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, கைகட்டி நின்று, விளக்கம் சொல்லி, ஸீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பேச்சியின் அம்மா வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சியின் இடத்தில் வேறு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. பேச்சி பையோடு வாசலில் நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. நான் கூப்பிடும் முன்பே திரும்பி மைதானத்துக்குப் போய்விட்டாள்.

பேச்சிக்கு அந்த ஸீட் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வகுப்பு. எங்களிடம் வரும்போது எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வாள், சேர்த்தால் சொல் ஆகும் என்பது பிடிபடவில்லை. அந்த மாதம்தான் பிடிபடத் தொடங்கியிருந்தது. இந்த இடத்தில் விட்டால் கிடைத்ததும் போய்விடும். நான்காம் வகுப்பு முடிந்தால் அவள் போகப்போவது மலையாள மீடியம் அப்பர் பிரைமரி. தாய்மொழியே வாசிக்கத் தெரியாமல் அங்கே போகும் பிள்ளை பின்பெஞ்சில் உட்காரும். ஒரு நாள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும். அப்படிப் போனவர்களில் பலரை நான் பழவங்காடிக் கடைகளில் சேல்ஸ் கேர்ளாகப் பார்த்து, அவர்கள் "டீச்சரே, சுகமா?" என்று கேட்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

2. குழாயடிச் சபை

அன்று பள்ளி விட்டதும் அவர்களுடைய லைன் வீட்டுக்குப் போனேன். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், முன்னால் ஒரு குழாய். எல்லாரும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். செல்லக்கனி சாக்கை விரித்து வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். பேச்சியின் அம்மா மாரியம்மாள் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து கால் நீட்டியிருந்தார். கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். சலவைச் சோடாத் தண்ணீரில் விரல்கள் வெளுத்து உப்பியிருந்தன. மதியச் சாப்பாடு முடிந்து மாலைப் பலகாரம் தொடங்குவதற்குள் கொஞ்ச நேரம் வீட்டுக்கு வந்துபோவாராம்.

"நீங்க ஏன் வரல்ல?" என்றுதான் ஆரம்பித்தேன். என் குரலும் ஹெச்.எம். குரல் மாதிரியே இருந்தது.

"பதினோரு மணிக்கு எப்படி டீச்சரே வர? எல அடுக்கி, அண்டாவெல்லாம் தேச்சு வைக்கிற நேரம். திங்கக்கிழமையும் மொதலாளிகிட்ட கேட்டேன். 'போ, ஆனா அப்படியே போ'ன்னுட்டார்."

"அவ வீட்டுக்காரன் கட்டட வேலைக்கு விடியக்காலைல போயிருவான். செங்கல் சுமக்குதான்" என்றார் செல்லக்கனி. "அதான் நான் போறது. ரேஷன் கடைக்கு ஒருத்தி போவா. ஊசி போடுத எடத்துக்கு எல்லாப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஒருத்தி போவா. ஸ்கூலுக்கு நான். எனக்கு மலையாளம் வரும்லா. போய்க் கேட்டுட்டு வந்து, இங்கன குழாயடியில வச்சு எல்லாருக்கும் சொல்லுவேன். டீச்சர் சொன்னதுல ஒரு வார்த்தை கூட விடமாட்டேன்."

"விடமாட்டா, ஆனா நாலு வார்த்தை கூடச் சேத்துக்குவா" என்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னார். "போன மாசம் பிள்ளைகளுக்கு தெனம் முட்டை குடுக்கணும்னு டீச்சர் சொன்னாங்கன்னா. நெசமா டீச்சரே?"

நான் அப்படி எதுவும் சொன்னதில்லை. செல்லக்கனி தலைநிமிராமல் காம்பு கிள்ளினார்.

"நல்லதுதான சொன்னேன். போட்டுக் குடுத்துட்டியே மூதி."

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களுக்கு இது ஏமாற்று அல்ல, ஏற்பாடு. யாருக்கு எந்த நேரம் கிடைக்கிறதோ அவர் எல்லாருக்கும் சேர்த்துப் போய் வருவது. எல்லா இடத்திலும் செல்லுபடியான ஏற்பாடு பள்ளிக்கூடத்தில் மட்டும் குற்றம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அதனால்தான் செல்லக்கனி ஒளிக்காமல், ஐந்து பெயருக்கும் எழுந்து நின்றார். ஏமாற்ற வந்தவர் அப்படியா நிற்பார்?

மாரியம்மாள் மகளைக் கூப்பிட்டார். "டீச்சருக்கு வாசிச்சுக் காமி."

பேச்சி ஹோட்டலில் வடை மடித்துக் கொடுக்கும் தமிழ்ப் பத்திரிகைத் தாளோடு வந்தாள். எண்ணெய் ஊறியதில் மறுபக்கத்து எழுத்தும் இந்தப் பக்கம் தெரிந்தது. அவள் தாளைப் பின்னாலிருந்து வெளிச்சம் படாமல் மறைத்துப் பிடித்து, விரல் வைத்து, "மா… மாந… மாநக… ராட்சி" என்றாள். மாரியம்மாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் அந்த இடைவேளையில் இதுதான் நடக்கிறது என்றார்கள். வீட்டில் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதை, எங்கள் கூட்டத்துக்கு ஒரு தடவையும் வராத இந்த அம்மா ஒரு நாள் விடாமல் செய்துகொண்டிருந்தார். அந்தக் குழந்தையைத்தான் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதி வெளியே அனுப்பியிருந்தோம்.

"ஸீட்டு போயிட்டுன்னு சொன்னா" என்றார் மாரியம்மாள். "நெசமாவே போயிட்டா டீச்சரே?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

3. எந்த எல்லாருக்கும்?

மறுநாள் ஹெச்.எம். அறையில்:

"மேடம், கூட்டத்தை மூன்றரைக்கு வைக்கணும்."

"மூன்றரைக்கா? ஸ்கூல் விடற நேரம். ஸ்டாஃப் யாரும் நிக்க மாட்டாங்க டீச்சரே. பதினொண்ணுன்னா எல்லாருக்கும் சௌகரியம்."

"எந்த எல்லாருக்கும்?"

அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். நான் சொன்னேன்: "நமக்கு சௌகரியம். பைக்குல வர்ற அப்பாமாருக்கு சௌகரியம். சப்போர்ட் கிளாஸ்ல இருக்கிற பத்துல பாதிப் பேரோட அம்மா அப்பா ஹோட்டல்லயும் மண்டியிலயும் கட்டடத்துலயும் நிக்கிறவங்க. வகுப்பு யாருக்காக வச்சோமோ அவங்க வரமுடியாத நேரமாப் பாத்துக் கூட்டம் வச்சிருக்கோம்."

"டீச்சர் எமோஷனலாகாதீங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அக்கறை உள்ளவங்க வருவாங்க."

இந்தச் சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சம்பளத்தோடு லீவு போட்டுவிட்டு வந்து உட்காருவது அக்கறை. வேலை போகும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு, வீட்டில் வடைத் தாளை வைத்துப் பிள்ளையை வாசிக்கவைப்பது அக்கறை இல்லை. இப்படி ஒரு கணக்கை எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"ஒரு தடவை மூன்றரைக்கு வையுங்க மேடம். ஆள் வரல்லேன்னா பிறகு பேச மாட்டேன். ஸ்டாஃப் நிக்கல்லேன்னா நான் ஒருத்தி நிக்கிறேன். இதுக்கும் சம்மதமில்லேன்னா, பேச்சி பேரை ஏன் நீக்கினோம்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்கவேண்டி வரும்."

கடைசி வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். ஆனால் அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

4. மூன்றரை

அடுத்த மாதம் மூன்றரைக்குக் கூட்டம் வைத்தோம். ஈரம் காயாத புடவையோடு, வத்தல் நெடியோடு, சிமெண்ட் ஒட்டிய முழங்கையோடு வந்தார்கள். பேச்சியின் அப்பாகூட மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். குட்டி நாற்காலிகளில் உட்காரத் தயங்கி முதலில் சுவரோரம் நின்றார்கள். செல்லக்கனி தன் மகன் பெயருக்கு மட்டும் எழுந்தார்.

"இன்னிக்கு நான் ஒரு பிள்ளைக்குத்தான் அம்மை, எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்றார்.

இந்தத் தடவை சிரித்தது முன்வரிசையும் சேர்ந்துதான். ஹெச்.எம்.கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பெயர்கள் முடிந்தன. பேச்சியின் பெயர் வரவில்லை. பட்டியலில் இருந்தால்தானே வரும்? மாரியம்மாள் எழுந்து நின்றார்.

"எம்பிள்ள பேரு விட்டுப்போச்சு."

ஹெச்.எம். எதிர்பார்த்திருந்தார் போலும். குரலை இளக்கிக்கொண்டு சொன்னார்: "அந்த ஸீட்டு வேற குட்டிக்கு கொடுத்தாச்சு. சாரமில்ல, போகட்டும். நீங்க இன்னிக்கு வந்ததினால, பாவப்பட்டவங்கன்னு பாத்து கிளாஸ்ல ஒரு கசேரை கூடுதலாப் போடலாம், அவ உக்காரட்டும். ஒரு உதவியா வச்சுக்கோங்க."

மாரியம்மாளின் கணவர் கும்பிடக் கையெடுத்தார். மாரியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"உதவின்னா வேண்டாம் டீச்சரே. அவ எடம்னா குடுங்க."

மாரியம்மாள் ஒரு அடி முன்னால் வந்தார்.

"உதவி பண்ணினா நாளைக்கு எடுத்துருவீங்க. எம்பிள்ள தப்பா ஒண்ணும் செய்யல்ல. தெனம் வாசிக்கா. நீங்க கூப்பிட்ட நேரத்துக்கு என்னால வர முடியல்ல. இந்த நேரத்துக்குக் கூப்பிட்டீங்க, வந்துட்டேன். அம்புட்டுதான்."

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைத் திறந்து கடைசி வரியின் கீழே பேச்சியம்மாள் என்று எழுதினார். மாரியம்மாளுக்குக் கையெழுத்துப் போட வராது. கட்டைவிரலில் மை தடவியபோது, ஊறி உப்பிய விரலில் ரேகை சரியாகப் பதியவில்லை. இரண்டு தடவை வைத்தார்.

கூட்டத்தின் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. "மனிதாபிமான அடிப்படையில் ஒரு மாணவி மீண்டும் சேர்க்கப்பட்டார்" என்று எழுதச் சொன்னார் ஹெச்.எம். நான் எழுதியது: "முந்தைய கூட்டம் பெற்றோர் வர இயலாத நேரத்தில் வைக்கப்பட்டதால் நீக்கப்பட்ட மாணவிக்கு அவரது இடம் திருப்பித் தரப்பட்டது." இரண்டு நாள் அது அவர் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் எதையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் கடிகாரம்தான் எல்லார் கையிலும் ஓடுகிறது என்று நினைத்த ஒருவர். ஒரு குழந்தையின் படிப்பை முடித்துவைக்க அது போதும். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

புதிதாக வருகிற டீச்சர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. 'பெற்றோர் வரவில்லை' என்று எழுத நேர்ந்தால் எழுதுங்கள். ஆனால் அதே வரியில், எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், அந்த மணிக்கு அவர்கள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதிவிட்டு ஒரு தடவை உரக்க வாசித்துப் பாருங்கள். அதன்பிறகும் ஒரு பிள்ளையின் பெயரை அடிக்க உங்களுக்குக் கை வந்தால், அடியுங்கள்.