எரித்ரோமைசின் கேட்காத தொண்டை

எண்பதுகளில் மைக்ரோபயாலஜி படித்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவர் டாக்டர். அவர் கிளினிக்கை ஒட்டிய அறையில் என் லேப். கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கி, கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் உறையாமல் குலுக்கி, கிருமி வளர்க்கும் தட்டுகளை நானே தயார் செய்வேன்.

ஒரு கார்த்திகையில் விசைத்தறிக்காரர் ஒருவர் தொண்டைப் புண்ணோடு வந்தார். எரித்ரோமைசின் மாத்திரைகளைச் சொன்ன கணக்குக்குச் சாப்பிட்டு முடித்தும் காய்ச்சல் விடவில்லை.

"எச்சி முழுங்க முடியல டாக்டரய்யா."

கணவர் லின்கோமைசின் என்ற வேறொரு மருந்தை எழுதப்போனார். "பொறுங்க, தட்டுல போட்டுப் பாத்துருதேன்," என்றேன்.

தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்ததில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வளர்ந்தது. அதை வேறொரு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்தேன். மறுநாள் எரித்ரோமைசினை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. பென்சிலினைச் சுற்றி, கிருமி வளராத அகலமான தெளிந்த வட்டம். லின்கோமைசினைச் சுற்றியும் வட்டம்தான். ஆனால் அந்த வட்டம் எரித்ரோமைசின் வில்லையைப் பார்த்த பக்கம் மட்டும் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருந்தது.

"லின்கோமைசின் கேக்குதுல்லா?" என்றார் கணவர்.

"கேக்குத மாதிரி இருக்கும், நம்பாதீங்க. ரெண்டு மருந்தும் கிருமிக்குள்ள புரதம் செய்யுற ரைபோசோம்ல ஒரே எடத்தைத்தான் பிடிக்கும். அந்த எடத்தை மாத்துற ஜீன் இதுகிட்ட இருக்கு. சும்மா கிடக்கும், எரித்ரோமைசின் பட்டதும் முழிச்சிக்கிடும். முழிச்சிட்டா லின்கோமைசினுக்கும் பிடி கிடைக்காது."

"பொறக்கும்போதே உள்ள ஜீனா?"

"அப்படித்தான் வரணும்னு இல்ல. பக்கத்துக் கிருமிகிட்ட இருந்தும் வாங்கிக்கிடும்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பென்சிலின் போடச் சொல்லுதியா?"

அவர் படிக்கும் காலத்தில் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண் அவர் கண்ணெதிரே மயங்கி விழுந்து இறந்திருக்கிறாள். அதிலிருந்து அந்த மருந்தை அவர் தொடுவதில்லை. எனக்கு அது தெரியும். பென்சிலின்தான் கேட்கும் என்று தட்டு சொன்னதும் தெரியும்.

"டெஸ்ட் டோஸ் போடுவோம். ஒத்துக்கலைன்னா உடனே போட அட்ரினலின் பக்கத்துல இருக்கட்டும். நானும் இருக்கேன்."

முடிவு கேட்க வந்த தறிக்காரரிடம், முன்பு பென்சிலின் போட்டதுண்டா என்று விசாரித்தோம். "சின்னதுல போட்டிருக்கேம்மா, ஒண்ணும் செய்யல."

டெஸ்ட் டோஸ் போட்ட இடம் தடிக்கவில்லை. முழு ஊசியையும் போட்டுவிட்டு, கணவர் தறிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தபடி அருகிலேயே உட்கார்ந்திருந்தார். வேர்த்தது கணவருக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து தறிக்காரர் வந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. "காலைல நாலு இட்லி எறங்கிச்சி," என்றார்.

அவர் போனபின், "பயம் போச்சா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"போகல. ஆனா இனிமே போடுவேன்," என்றார்.