பத்து இலட்சத்து ஒன்று

என் அக்காவின் படிப்பைக் கெடுத்தவர் நீங்கள்தான், சேர்.

உங்கள் பாராட்டு விழா மலருக்கு நினைவுக் குறிப்பு ஒன்று கேட்டார்கள். நேற்று பக்கத்து வளவில் பழைய தென்னோலைக் கிடுகு எரிந்த மணத்தோடு, இன்று மாடிவீடு நிற்கிற இடத்தில் இருந்த உங்கள் ரியூசன் கொட்டில் திரும்ப வந்தது: நாங்கள் நெருக்கியிருந்த வாங்கில் பாவாடையைக் கிழிக்கும் ஆணி, வேலிக்கு அப்பால் அடுத்த கொட்டிலின் இரசாயனப் பாடம், அதற்கு மேலாகக் கத்திக் கத்திக் கம்மிப்போன உங்கள் குரல். 1,000,001 ஒரு முதன்மை எண், வேறு எந்த எண்ணாலும் வகுபடாது என்று கரும்பலகையில் எழுதினீர்கள்.

"சேர், அது நூற்றொண்டாலை வகுபடும்," என்றாள் அக்கா.

"இரு பிள்ளை. உவ்வளவு பெரிய எண்ணை உன்ரை நூற்றொண்டு வகுக்குமோ?"

கொட்டிலே சிரித்தது. அன்றிலிருந்து பெடியள் அளவெட்டியில் எங்கள் வீடு வரை சைக்கிளில் பின்னால் வந்து, "ஏய் நூற்றொண்டு!" என்று கத்தினார்கள். ஒரே கிழமையில் அவள் கணிதத்தை விட்டுவிட்டாள்.

நாள் முழுக்கப் படிப்பித்துக் களைத்திருந்தீர்கள், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் வகுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். 101 தர 9901 அதே பத்து இலட்சத்து ஒன்று. மீதியே இல்லை.

விழாவுக்கு அக்காவும் வருகிறாள். அன்று செய்யாத வகுத்தலை மேடையில், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று செய்யுங்கள் சேர். என்ன விடை வந்தது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.