சீசனில் அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் லாட்ஜில் புக்கிங் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, அங்கிருந்து வாசல்வரை குண்டு பல்பு சீரியல் இழுப்பார்கள். அதன்பிறகு சாரல் நிற்கும்வரை இரண்டையும் அணைக்கக் கூடாது. அணைத்தால் லட்சுமி படியிறங்கிவிடுவாள் என்பது முதலாளி அண்ணாச்சியின் கட்சி. போலீசிலிருந்து ஓய்வுபெற்றவர், அவர் கட்சிக்கு எதிர்க்கட்சி கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். போன சீசன் நடுவில், அதிலிருந்த ஒரு லைப்ரரியில் ஓட்டை என்று அறிவிப்பு வந்தது. லைப்ரரி என்றால் எல்லா புரோகிராமும் பங்குபோட்டுக்கொள்ளும் பொதுக் கோப்பு. அந்த ஓட்டை வழியாக எவனாவது நுழைந்தால், தங்க வந்தவர்கள் நம்பிக் கொடுத்த ஆதார் நகல் அத்தனையும் போய்விடும். ஓட்டையை அடைத்த புதுக் கோப்பை அன்றே இறக்கிவைத்தேன்.

ஓடுகிற கம்ப்யூட்டரில் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதினால் எல்லாம் சரிந்து விழும். ஆள் படுத்திருக்கும்போது விரிப்பை உருவுவதுபோலத்தான். புதியதைப் பக்கத்தில் வைத்து, ஒரே கட்டளையில் பழையதன் பெயரை அதற்குச் சூட்ட வேண்டும். அப்படியே சூட்டினேன். புக்கிங் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"என்னம்மா, ஒண்ணும் மாறலயே?" என்றார் அண்ணாச்சி.

"ஓடிக்கிட்டிருக்க புரோகிராம் பழசைத்தான் பிடிச்சிருக்கும் அண்ணாச்சி. ஒருதடவை நிறுத்தி ஓட விட்டாத்தான் புதுசை எடுக்கும்."

"நிறுத்துததும் அணைக்கதும் ஒண்ணுதான். சீசன் முடியட்டும்."

கல்லாவும் அந்தத் திரையும் ஒரே மேசையில். அவருக்குத் தெரியாமல் செய்யவும் வழியில்லை. புதுப் பூட்டு வாங்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறோமே என்ற எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனது. யுபிஎஸ் இருக்கிறது என்று அண்ணாச்சி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கும் அணையக் கூடாதே என்று சீரியல் பல்பு முழுவதையும் அதிலேதான் மாட்டியிருந்தார். அவை பேட்டரியை உறிஞ்சித் தீர்த்தன. திரை இருண்டது. அவர் முகம் அதைவிட இருண்டது.

கரண்ட் திரும்பியதும் புக்கிங் எழுந்தது, புது லைப்ரரியோடு. அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா, நான் அணைக்கவே விடல. அதான் உசுரோட வந்திருக்கு."

இந்த சீசன் நடுவிலும் ஓர் ஓட்டை வந்தது. புதியதற்குப் பெயர் சூட்டினேன். நிறுத்தச் சொல்லி யாரிடமும் கெஞ்சவில்லை. தென்காசி பஜாரில் இன்னும் இரண்டு குண்டு பல்பு சீரியல் வாங்கிவந்து, நானே யுபிஎஸ்ஸில் மாட்டினேன்.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பதாம்மா உனக்கு பக்தி வந்திருக்கு" என்றார்.