மாவில் விழுந்த திருஷ்டிப் பொட்டு

ரப்பர் வேகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குப் பசிக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லில் ஒரு டயர் ரீட்ரேடிங் பட்டறையை ஒட்டித்தான் எங்கள் செயற்கைக்கால் கூடம். டயர் வேகும் சூட்டில் ஓரமாக நாங்கள் செய்யும் ரப்பர் பாதங்களும் வேகும். அவை இறங்குவதும் மதியச் சோறும் ஒரே நேரம்.

காலுக்கு லாரி பாடி கட்டும் அலுமினியத் தகடு, பாதத்துக்கு டயர் ரப்பர். பெரிய ஊர்களில் செய்த கால்கள் பூட்ஸ் கேட்டன. எங்களுடையது வெறுங்காலாகவே சேற்றிலும் இறங்கும். அந்தக் கர்வத்தோடுதான் மாராயிக்குக் கால் மாட்டினேன்.

மாராயி, புதுச்சத்திரம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் களத்து ஆள். வெயிலில் பரப்பிய மரவள்ளி மாவை வெறுங்காலால் கோடு கோடாக இழுத்துக் காய வைக்கும் வேலை. விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "மறுக்காக் களத்துல நிக்கோணுங்க" என்பது ஒன்றே அவர் கேட்டது.

கூடவே போனேன். மாவில் இறங்கினார், நடந்தார், திரும்பினார். துளி ஆட்டம் இல்லை. நான் பூரித்து நிற்க, மில் முதலாளி குனிந்து பார்த்தார். வெள்ளை மாவில் வரிசையாகக் கறுப்புத் தடம்.

"ஏனுங்க, மாவுக்குத் திருஷ்டிப் பொட்டு வெக்கவா இத்தன தூரம் வந்தீங்க?"

"தொடச்சாப் போயிருமுங்க" என்றேன்.

"எதைய, மாவையா?"

களமே சிரித்தது, மாராயியைத் தவிர. முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "நீ கொட்டாயில உக்காந்து கெழங்குத் தோல் உரி சாமி."

"உக்காந்தே கெடந்தா இருக்கற காலும் நடக்க மறந்துருமுங்க. வெள்ளப் பாதம் போட்டுட்டு வந்தா எறங்க உடுவீங்களா?"

"வா, பாக்கலாம்."

ரீட்ரேடிங் மேஸ்திரி ரப்பரில் கரித்தூளை விட்டுவிட்டு வெள்ளைத்தூள் கலந்தார். "கரிதானுங்க வலுவு. இது வெரசாத் தேஞ்சுரும், சொல்லிப்போட்டேன்." முதல் பாதம் இட்லி போல உப்பியது. அடுத்தது தேறியது.

மறுபடி களம். முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். இரண்டு பக்கமும் விரல் தடம்தான், பொட்டு இல்லை. "செரி, நாளைக்கே வந்துரு" என்றார்.

அன்று முதல் யார் வந்தாலும் இஞ்ச் டேப்பை எடுக்குமுன் ஒன்று கேட்பேன்: எந்தத் தரையில் நிற்கப் போகிறீர்கள்?

அன்று களத்திலிருந்து கிளம்பும்போது மேஸ்திரியின் எச்சரிக்கையை மாராயியிடம் சொன்னேன். அவர் அதற்குள் அடுத்த கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"தேயட்டுமுங்க. வேல இருந்தாத்தான தேயும்? தேஞ்சதும் வாரேனுங்க."